பதக்கங்களும் பெயரில்லா முகங்களும்: ஜூலியா மார்கிரட் கமரனின் இலங்கைப் படங்கள்

இலங்கை வரலாற்றைப் பாடசாலையில் படித்த எவருக்கும் 'கோல்புறூக் - கமரன்' என்ற இரட்டைப் பெயர் மறந்திருக்காது. இராஜகாரிய ஒழிப்பு, சட்டநிரூபண சபை, 1833ஆம் ஆண்டின் சீர்திருத்தம் என்று பரீட்சைக்காக மனனம் செய்த பெயர் அது. நீதித்துறை பற்றிய அறிக்கையை எழுதிய சாள்ஸ் ஹேய் கமரனுக்கு ஒரு மனைவி இருந்தார். அவர் 19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞர்களுள் ஒருவர். அவர் இறந்ததும் அடக்கப்பட்டதும் எங்கட மலையகத்தில்தான். ஆனால் பாடப்புத்தகத்தில் அந்தப் பெண்மணியைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

ஜூலியா மார்கிரட் கமரன் என்ற அந்தப் பெண்மணியின் கண்காட்சிகள், பரிசுகள், நூல்கள் பற்றி ஆங்கிலத்தில் நிறையவே எழுதப்பட்டிருக்கின்றன. தமிழில் அவற்றைச் சுருக்கமாகவேனும் பதிவு செய்வது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அவர் இலங்கையில் எடுத்த சில படங்கள் எழுப்பும் ஒரு கேள்வியை வாசகர் முன் வைப்பது இரண்டாவது நோக்கம். சொல்லப்போனால், என்னை எழுத வைத்தது அந்த இரண்டாவதுதான்.

கோழிக்கூட்டில் தொடங்கிய கலை

ஜூலியா 1815 ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி. தாய் பிரெஞ்சு வழி வந்தவர். 1838இல் தன்னைவிட 20 வயது மூத்தவரான சாள்ஸ் கமரனை மணந்தார். ஆணையாளராக இலங்கைக்கு வந்துபோன கமரன் இங்கே காணிகளை வாங்கிக் கோப்பித் தோட்டச் சொந்தக்காரராகவும் ஆகியிருந்தார். 1848இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860இல் வைட் தீவின் பிரெஷ்வோட்டர் என்ற ஊரில், கவிஞர் டெனிசனின் அயலில் குடியேறியது. அந்த வீட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'டிம்போலா'. எங்கட டிம்புள்ளைதான் அது. அங்கே அவர்களுக்கிருந்த தோட்டத்தின் நினைவாக வைத்தது.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குப் போயிருந்தார். தனிமைக்குத் துணையாகட்டும் என்று கொடுத்த பொருள் ஒரு வாழ்நாள் வேலையாக மாறிவிட்டது. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையானது. கண்ணாடி போட்ட கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமானது. 1864 ஜனவரி இறுதியில் ஆனி என்ற சிறுமியின் படத்தை எடுத்துத் 'தன் முதல் வெற்றி' என்று குறித்து வைத்தார்.

அந்தக் காலத்துப் படப்பிடிப்பை இன்றைய கைத்தொலைபேசிப் பிள்ளைகளுக்கு விளக்குவது இலேசான காரியமில்லை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பசையைச் சீராக ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன்னரே படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். பிறகு அத்தகட்டை முட்டை வெண்கரு பூசிய தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் படம் பதியும். படத்துக்கு இருப்பவர் சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். 1866இலிருந்து ஜூலியா பயன்படுத்திய தகடு 15க்கு 12 அங்குலம். முகம் மட்டும் அத்தகடு முழுவதையும் நிறைக்கும்படி, ஒரு பக்க ஒளியில், சற்று மங்கலாக எடுப்பது அவரது பாணி. மங்கல் தெரியாத்தனத்தால் வந்தது என்று தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் ஏளனம் செய்தார்கள். அவரோ ஓவியத்துக்குச் சமமான கலையாகப் புகைப்படத்தை உயர்த்துவதே தன் எண்ணம் என்று நின்றார்.

கண்காட்சி, பதக்கம், நூல்

1864இலேயே இலண்டன் புகைப்படச் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1865இல் தென் கென்சிங்டன் நூதனசாலை (இன்றைய விக்டோரியா அல்பேட் நூதனசாலை) அவரது 80 படங்களை விலைக்கு வாங்கிக் காட்சிக்கு வைத்தது. அவர் உயிரோடிருந்த காலத்தில் ஒரு நூதனசாலை அவருக்கு நடத்திய ஒரே கண்காட்சி அதுதான். 1868இல் அதே நூதனசாலை தன் கட்டடத்தில் இரு அறைகளைப் படப்பிடிப்புக்கென அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தது. அவ்வாண்டிலேயே இலண்டனின் ஜேர்மன் கலைக்கூடத்தில் தன் செலவில் பெரிய கண்காட்சி ஒன்றையும் நடத்தினார்.

பேர்லின் கண்காட்சியில் 1865இல் வெண்கலப் பதக்கம், அடுத்த ஆண்டு தங்கப் பதக்கம். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனின் ஹார்ட்லி நிறுவனம் வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. இவற்றை 1874இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் அவரே பெருமையோடு சொல்கிறார். தன் படங்களில் 500க்கும் மேற்பட்டவற்றைப் பதிப்புரிமைக்காகப் பதிந்தும் வைத்தார். கலைஞர் என்ற தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதில் அவ்வளவு கவனம்.

டெனிசனின் ஆதர் மன்னன் கதைக் கவிதைகளுக்கு அவர் எடுத்த படங்கள் இரண்டு பெரிய தொகுதிகளாக வந்தன. முதலாவது 1874 இறுதியில், இரண்டாவது 1875இல். அவற்றில் மந்திரவாதி மேர்லினாக இருப்பவர் அவரது கணவர். கோல்புறூக்குடன் வந்த அதே நீதிமான், நீண்ட வெண்தாடியுடன்!

இறந்தபின் அவரது பெயர் சிலகாலம் மங்கியது. 1926இல் அவரது படங்களைத் தொகுத்து ஹோகார்த் பதிப்பகம் ஒரு நூலை வெளியிட்டது. பதிப்பகத்தை நடத்தியவர்கள் வேர்ஜினியா வுல்பும் லெனாட் வுல்பும். வேர்ஜினியா, ஜூலியாவின் சகோதரியின் பேத்தி. லெனாட், அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து, இங்குள்ள காட்டுக் கிராமமொன்றைப் பற்றி நாவல் எழுதியவர். அந்தத் தொகுப்பின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'புகழ்மிக்க ஆண்கள், அழகிய பெண்கள் - விக்டோரிய காலப் புகைப்படங்கள்' என்று வரும். 2003இல் ஜூலியன் கொக்ஸ், கொலின் போட் ஆகியோர் வெளியிட்ட முழுப் பட்டியலில் 1,200க்கும் மேற்பட்ட படங்கள் இடம்பெற்றன. அவரது இருநூறாவது பிறந்த ஆண்டான 2015இல், முன்பு 80 படங்களை வாங்கிய அதே நூதனசாலை பெரியதொரு கண்காட்சியை நடத்தியது.

கோப்பியின் பங்கு

இந்தப் பட்டியலை வாசிக்கும்போது எனக்கு ஒரு நினைப்பு வராமலிருப்பதில்லை. இந்தக் கலை வேலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? குடும்ப வருமானத்தில் ஒரு பங்கு இலங்கைத் தோட்டங்களிலிருந்து போனது. தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளிகள். பேர்லின் பதக்கத்தில் அவர்களின் வியர்வைக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் மிகையாகாது. வைட் தீவில் இருந்தவரை ஜூலியா அவர்களைப் பார்த்ததில்லை.

1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் பூஞ்சண நோய் தோன்றியது. மெல்ல மெல்ல அது இலங்கையின் கோப்பிச் செய்கையையே அழித்தது. செலவு கூடி, வருமானம் குறைந்து, பிள்ளைகள் இலங்கையில் இருக்க, கணவரும் இங்கேயே வாழ ஆசைப்பட, 1875 ஒக்டோபரில் இருவரும் கப்பலேறினார்கள். கூடவே இரண்டு சவப்பெட்டிகளையும், உள்ளே பீங்கான் பாத்திரங்களை அடுக்கி, கொண்டு வந்தார்கள் என்பது அவரது வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி.

வயதைக் கேட்டவர்

களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்த அந்த மூன்றாண்டு சொச்சத்தில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை 30ஐ எட்டாது. இரசாயனப் பொருளும் நல்ல நீரும் கிடைப்பது கஷ்டம். வெப்பத்தில் தகடு சீக்கிரம் காய்ந்துவிடும். அவற்றில் இருப்பவர்கள் வீட்டு வேலையாட்கள், தோட்டத் தொழிலாளிகள், ஊர் மக்கள். பலர் தமிழர் என்பது ஆய்வாளரின் கருத்து. 'இலங்கைப் பெண்', 'இளம் பெண்' என்றவாறுதான் பெரும்பாலான படங்கள் இன்று பட்டியல்களில் இருக்கின்றன.

1877 ஜனவரியில், தாவர ஓவியரான மரியன் நோர்த் களுத்துறையில் அவர்களது விருந்தினராகத் தங்கினார். அவர் தன் நினைவுக் குறிப்புகளில் சொல்லும் ஒரு சம்பவம் கவனிக்கத்தக்கது. உள்ளூர் மனிதர் ஒருவரின் முதுகின் அழகில் ஜூலியா மயங்கி, அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி மகனைப் பிடித்துக்கொண்டாராம். வீட்டிலோ தோட்டமே இல்லையாம்! நோர்த்தும் அந்த மனிதரின் பெயரைச் சொல்லவில்லை. முதுகு மட்டும் வரலாற்றில் நின்றுவிட்டது.

1878இல் எடுக்கப்பட்ட 'களுத்துறைக் குடியானவர் குழு' என்ற படத்தின் கீழ் ஜூலியா ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். சிறுமிக்கு 12 வயது, முதியவர் தன்னை அவளது தந்தை என்கிறார், தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என்பது அக்குறிப்பின் சாரம்.

அந்தப் படத்தை வகுப்பில் காட்டி, கட்டுரைப் பயிற்சிக்காகக் குறிப்பையும் தமிழில் சொன்னேன். பின்வாங்கில் இருந்த பிள்ளை கேட்டது: "சேர், வயசக் கேட்டு எழுதினவ பேரக் கேக்கல்லையா?"

இதைவிடச் சுருக்கமாக இந்த வரலாற்றை யாரும் கேட்கமுடியாது என்று நினைக்கிறேன். ஒரு மொழிபெயர்ப்பாளர் வழியாகவோ எப்படியோ, ஜூலியா அவர்களோடு பேசியிருக்கிறார். உறவைக் கேட்டிருக்கிறார், வயதைக் கேட்டிருக்கிறார். பெயர் தேவைப்படவில்லை.

பெயர் எழுதும் வழக்கம் அவருக்கு இல்லாமலில்லை. வானியலாளர் ஜோன் ஹேர்ஷல், கார்லைல், டாவின் எல்லாரும் பெயரோடுதான் இருக்கிறார்கள். அவர்கள் பெரிய மனிதர்கள் என்று விட்டுவிடலாம். ஆனால், கன்னி மரியாளாகப் பல படங்களில் தோன்றும் வீட்டு வேலைக்காரியின் பெயர் மேரி ஹில்லியர் என்பது எங்களுக்குத் தெரியும். வீதியில் பிச்சை கேட்ட தாயோடு வந்து, ஜூலியாவின் வீட்டில் வளர்ந்த அயர்லாந்துச் சிறுமி மேரி ரயன். அவளைப் படத்தில் பார்த்துக் காதலித்து மணந்தவர், பின்னாளில் இந்திய தேசிய காங்கிரஸின் தலைவராக இருந்த ஹென்றி கொட்டன். பிரெஷ்வோட்டரில் பிச்சைக்காரச் சிறுமிக்கும் பெயர் கிடைத்தது. களுத்துறையில் நூறு வயதென்று சொன்ன முதியவருக்குக் கிடைக்கவில்லை.

நியாயமாகப் பேச வேண்டுமானால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே காலத்தில் கொழும்பிலும் கண்டியிலும் ஸ்கீன், ஸ்கோவன் போன்றோரின் படக்கூடங்கள் இயங்கின. 'தமிழ்ப் பெண்', 'சோனகர்' என்று சாதி இனவாரியாக மனிதரை நிறுத்திப் படமெடுத்து, வெளிநாட்டாருக்கு விற்கும் வியாபாரமும் அங்கே நடந்தது. எங்கள் முன்னோரின் தொப்பியும் தாடியும் அந்த விற்பனைத் தட்டில் இருந்தவைதான். ஜூலியாவின் படங்கள் அப்படிப்பட்டவையல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. டெனிசனுக்குக் கொடுத்த அதே ஒளியை, அதே பொறுமையை அவர் இந்த ஏழைகளுக்கும் கொடுத்திருக்கிறார். அந்தச் சிறுமி, விற்பனைப் பொருளாக நிற்கவில்லை; ஓர் ஆளாகவே எங்களைப் பார்க்கிறாள். அதனால்தான் பெயரில்லாமை இன்னும் கூடுதலாக உறுத்துகிறது.

1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா காலமானார். மறு ஆண்டு கணவரும் போய்ச் சேர்ந்தார். இருவரும் போகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலய வளவில் அடக்கப்பட்டிருக்கிறார்கள். என் முதல் நியமனம் அந்தப் பக்கத்துப் பாடசாலையொன்றில்தான். கல்லறையில் இருவர் பெயரும் இருக்கிறது. சுற்றியுள்ள மலைகளில் கோப்பி நட்டுச் செத்தவர்களின் பெயரைத் தாங்கிய கல் ஒன்றையும் நான் காணவில்லை.

எங்கள் வீட்டு அலுமாரிகள்

வெள்ளைக்காரியைக் குறைசொல்லி முடித்துவிடுவது சுகமான வேலை. ஆனால் அந்த வகுப்புக்குப் பிறகு, வீட்டிலுள்ள பழைய படம் ஒவ்வொன்று கொண்டுவரச் சொன்னேன். கலியாண வீடு, கப்பலடியில் ஹஜ் வழியனுப்பு, கடைத்திறப்பு, பாடசாலைக் குழுப்படம் என்று வந்து குவிந்தன. பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் அநேகமானவற்றில் படக்கூடத்தின் முத்திரை மட்டும் இருந்தது. "வாப்பாவின் மூத்தம்மா மாதிரி" என்றது ஒரு பிள்ளை. நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஆள் போன வருடம் மௌத்தாகிவிட்டாராம்.

எங்கள் ஊர் வரலாற்று நூல்களையும் எடுத்துப் பாருங்கள். 'நடுவில் அமர்ந்திருப்பவர் இன்னார் மரைக்கார், ஏனையோர் ஊர்ப் பிரமுகர்கள்' என்றோ, 'வேலையாட்களுடன் இன்ன ஹாஜியார்' என்றோதான் படக்குறிப்பு இருக்கும். பெண்கள் இருந்தால் 'குடும்பத்தினர்' என்ற ஒரே சொல். களுத்துறைப் படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஜூலியாவின் படங்களைக் காப்பாற்ற நூதனசாலை இருந்தது, பதிப்புரிமைப் பதிவேடு இருந்தது, பதிப்பகம் நடத்திய உறவுக்காரி இருந்தார். எங்கள் படங்களுக்கு இருப்பது தகரப்பெட்டியும் இரண்டொரு வயதானவர்களின் ஞாபகமும்தான். இந்தச் சஞ்சிகையின் வாசகர்களில் ஊர் வரலாறு எழுதுவோர் பலர் இருக்கிறீர்கள். உங்கள் கையிலுள்ள படத்தை உம்மாவிடம், பெரியம்மாவிடம் இந்த வாரமே காட்டிக் கேளுங்கள். நடுவில் இருப்பவரை மட்டுமல்ல, ஓரத்தில் குடை பிடித்து நிற்பவர் யார் என்றும் கேளுங்கள். கேட்டதைப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதிவையுங்கள். பேனை வேண்டாம், மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும். பெயர், ஊர், யாருடைய மகன் அல்லது மகள், சொன்னவர் யார், சொன்ன திகதி. இவ்வளவும் எழுத ஐந்து நிமிடம் போதும்.