கடன் தீர்த்த இல்லம்

பெருநகர் ஒன்றில் வந்து குடியேறி வாழ்வோர் அந்நகரின் வரலாற்றை இரு வழிகளில் அறிகின்றனர். சிலைகளும் தெருப் பெயர்களும் அறிவிக்கும் வரலாறு ஒன்று. நோயும் மகப்பேறும் வந்த வேளையில் நாம் நாடிச் சென்ற வாயில்கள் அறிவிக்கும் வரலாறு மற்றொன்று. முன்னதைப் படித்துத் தெரிந்துகொள்கிறோம். பின்னதைப் பயன்கொண்டபின் மறந்துவிடுகிறோம். அங்ஙனம் மறக்கத்தகாத ஒரு வாயிலைப் பற்றி நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் சில கூறுதல் பொருந்தும் எனக் கருதுகிறேன்.

தென் கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சூழ்ந்து தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருவதை நாம் அறிவோம். அங்கிருந்து ஹாஸ்ராவை நோக்கி நடந்து செல்லும் தொலைவில், சியாமா பிரசாத் முகர்ஜி சாலையில், சித்தரஞ்சன் சேவா சதனம் இருக்கின்றது. அச்சாலைக்கு முன்னாளில் ரஸ்ஸா ரோடு என்று பெயர். அச்சாலையின் 148ஆம் எண் இல்லம் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வாழ்ந்த மனை. ஒருவர் குடியிருந்த வீடு ஊரார் அனைவர்க்கும் மருத்துவமனையாக மாறியது எவ்வாறு? அதனை அறிய 1925ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அதற்கும் முன்னர், அம்மனிதரைப் பற்றி ஒரு செய்தி. சித்தரஞ்சனரின் தந்தையார் புவன மோகன் தாஸ் கடன்பட்டு நொடித்தார். 1906இல் தந்தையும் மகனும் கடன் தீர்க்க இயலாதோர் என நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டனர். அதன்பின் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்காக வாதாடிப் புகழ்பெற்ற மகன், பெரும்பொருள் ஈட்டலானார். சட்டப்படி அப்பழங்கடனைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. எனினும் 1913இல் கடன் கொடுத்தோர் அனைவரையும் தேடி, அவரவர்க்குரிய தொகையைச் செலுத்தித் தந்தையின் பெயர்மேல் இருந்த மாசினைத் துடைத்தார். சட்டம் கேளாத கடனை மனச்சான்று கேட்டதனால் கொடுத்த செயல் அது. இக்கட்டுரை முழுவதற்கும் திறவுகோல் அச்செயலே.

1920இல் நாகபுரிக் காங்கிரசு கூடியபின், ஒத்துழையாமைக் கொள்கையை ஏற்று, அவர் தம் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். வருவாய் நின்றது, ஈகை நிற்கவில்லை. 1924இல் கல்கத்தா மாநகராட்சியின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, ஏழைகட்கு இலவசக் கல்வியும் இலவச மருத்துவ உதவியும் அளித்தல் வேண்டும் என்பதைத் தம் திட்டத்தில் வைத்தார். உயிரோடிருக்கும்போதே தம் இல்லத்தையும் அதனைச் சேர்ந்த நிலத்தையும் அறநிலையமாக எழுதிவைத்தார். ஆனால் அவ்வில்லத்தின்மீது அடைமானக் கடன் இருந்தது. கொடுக்க மனம் இருந்தது. கொடுத்த பொருளோ கடனில் மூழ்கிக் கிடந்தது.

1925 சூன் மாதத் தொடக்கத்தில் அவர் உடல்நலம் குன்றி டார்ஜிலிங்கில் தங்கியிருந்தார். வங்காளத்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள் அங்குச் சென்று ஐந்து நாள் அவருடன் தங்கினார். அடிகள் மலையிலிருந்து இறங்கிய சில நாள்களிலேயே, சூன் 16ஆம் நாள், தேசபந்து மறைந்தார். அப்பொழுது அவருக்கு அகவை ஐம்பத்து நான்கு. அடிகள் குல்னாவில் இருந்தபோது செய்தி எட்டியது. 18ஆம் நாள் சியால்டா நிலையத்தில் உடல் வந்திறங்கியது. அங்கிருந்து கேவடாதலா சுடுகாடு வரை மக்கள் வெள்ளம் திரண்டு சென்றது. அத்தகைய இறுதி ஊர்வலத்தைக் கல்கத்தா அதற்குமுன் கண்டதில்லை என்பர்.

துயரம் எத்துணைப் பெரிதாயினும் சில நாள்களில் தணிவது இயல்பு. அது தணியுமுன் அதற்கு ஓர் உருவம் கொடுக்க வேண்டும் என அடிகள் எண்ணினார் போலும். சிலை அமைப்பதும் மண்டபம் எழுப்புவதும் எளிது. அவரும் வங்காளத் தலைவர்களும் வேறொன்றை நாடினர். தேசபந்துவின் இல்லத்தைக் கடனிலிருந்து மீட்பது. அதனைச் சாதி, மத வேறுபாடின்றிப் பெண்டிர் அனைவர்க்கும் உரிய மருத்துவமனை ஆக்குவது. அங்கேயே செவிலியர்க்குப் பயிற்சி அளிப்பது. இதுவே அவர்தம் நினைவுச் சின்னம் என முடிவாயிற்று. இதன்பொருட்டு 10 லட்சம் ரூபாய் வேண்டும் என்று நாட்டு மக்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டது.

பத்து லட்சம் என்பது அந்நாளில் எத்துணைப் பெருந்தொகை என்பதை இன்று உணர்வது அரிது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கில் அது ஒரு கோடியே அறுபது லட்சம் அணா ஆகும். 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வங்காள மாகாணத்து மக்கள் நாலரைக் கோடிக்கு மேற்பட்டவர். கைக்குழந்தை முதல் கிழவர் ஈறாக, மூவரில் ஒருவர் ஓர் அணா கொடுத்தால்தான் அத்தொகை சேரும். செல்வர் சிலர் பெருந்தொகை வழங்கலாம். ஆயினும் ஊரார் பலரும் தம் சிறுகாசினை இட்டாலன்றி இத்தகைய நிதி ஊரின் நிதி ஆகாது.

காந்தியடிகள் தம் பயணத் திட்டங்களை மாற்றிக்கொண்டு வங்காளத்திலேயே தங்கினார். அவர் தங்கிய இடம் எது தெரியுமா? அதே 148 ரஸ்ஸா ரோடு இல்லம். எந்த வீட்டின் கடனைத் தீர்க்க நிதி கேட்டாரோ, அந்த வீட்டிலேயே இருந்து கேட்டார். அக்காலத்து அவர் எழுதிய கடிதங்கள் பலவற்றின் தலைப்பில் அம்முகவரியே காணப்படுகின்றது. ஏந்திய கையில் வேறுபாடு பாராது பெறுவதில் அடிகளுக்கு நிகர் எவருமில்லை. வணிகரிடம் ஆயிரங்களைக் கேட்பார். பெண்மணிகளிடம் கழுத்திலும் கையிலும் உள்ள நகைகளைக் கேட்பார். வறியவரிடம் செப்புக் காசினைக் கேட்பார். மூன்றையும் ஒரே நன்றியுடன் பெறுவது அவர் வழக்கம். ஆகஸ்டு மாதம் முடிவதற்குள் இலக்கின் பெரும்பகுதி சேர்ந்தது. முழுத்தொகையும் சேரவில்லை என்பதை மறைக்க வேண்டுவதில்லை. குறை இருந்தும் பணி தொடங்கிற்று.

மறு ஆண்டு, 1926இல், சேவா சதனம் திறக்கப்பட்டது. அறநிலையக் குழுவின் செயலராக இருந்து அதனை உருவாக்கியவர் டாக்டர் பிதான் சந்திர ராய். நிதி திரட்டுவதை விட அரியதொரு பணி அவருக்குக் காத்திருந்தது. கட்டில்கள் இருந்தன, மருத்துவர் இருந்தனர், பெண்கள் வரவில்லை! இல்லத்தின் உட்பகுதியை விட்டு வெளிவராத வழக்கம் ஒருபுறம். ஆஸ்பத்திரி என்றால் இறப்பதற்குச் செல்லும் இடம் என்னும் அச்சம் ஒருபுறம். பிள்ளைப்பேறு வீட்டிலேயே நிகழ வேண்டும் என்னும் பழக்கம் மற்றொருபுறம். டாக்டர் ராயும் அவருடன் உழைத்தோரும் பொறுமையுடன் பாடுபட்டு அத்தயக்கத்தை நீக்கினர். நாளடைவில் எல்லா வகுப்பினரும் எல்லாச் சமயத்தினரும் அங்கு வரலாயினர். பெண்கட்குச் செவிலித் தொழிலிலும் சமூகத் தொண்டிலும் பயிற்சி அளிக்கும் ஏற்பாடும் உண்டாயிற்று. தாழ்ந்த வேலை என்று எண்ணப்பட்ட செவிலித் தொழிலை மதிப்புக்குரிய தொண்டாக உயர்த்தியது, கட்டடம் எழுப்பியதினும் பெரிய செயல் எனலாம்.

ஈண்டு மற்றொன்றையும் நினைத்தல் வேண்டும். அதே 1926ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் கல்கத்தாவில் இந்து முசுலிம் கலவரம் மூண்டு, தெருக்களில் குருதி ஓடியது. இரு சமயத்தாரையும் இணைக்க 1923இல் உடன்படிக்கை ஒன்றை வகுத்த சித்தரஞ்சனர் அதனைக் காண இல்லை. ஊர் இரண்டுபட்டு நின்ற ஆண்டில், எம்மதத்துப் பெண்ணும் வரலாம் என்னும் உறுதியோடு அவர் இல்லத்து வாயில் திறந்தது. சேர்ந்த நிதி எத்துணை என்பதை விட, அது யாருக்காகச் சேர்ந்தது என்பதே அந்நிதியின் சிறப்பு.

நல்வித்து ஒன்று ஊன்றப்பட்டால் அது பல கிளைகளாய்ப் படரும். சேவா சதனத்தைச் சார்ந்தே புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. 1950 சனவரி 2ஆம் நாள் அதனைத் திறந்துவைத்தவர், ரேடியம் கண்ட மேரி கியூரி அம்மையாரின் மகளும் நோபல் பரிசு பெற்ற அறிஞருமான ஐரீன் ஜோலியோ கியூரி. 1987இல் அது ஆராய்ச்சி நிலையத்தோடு இணைந்து தேசிய நிறுவனமாயிற்று. நம் தாயகத்திலும் இதனையொத்த முயற்சி அவ்வாண்டுகளில் நிகழ்ந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 1954இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். கங்கைக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் மக்கள் கைகள் ஒரே அறத்தைச் செய்தன. டாக்டர் ராயும், பின்னாளில் மேற்கு வங்க முதலமைச்சராய் விளங்கி, தம் சொந்த இல்லத்தைத் தம் அன்னையார் அகோர்காமினி தேவியின் பெயரால் மருத்துவப் பணிக்கே அளித்தார். ஓர் இல்லம் மற்றோர் இல்லத்துக்கு வழிகாட்டிற்று.

இவ்வரலாற்றில் நமக்கு என்ன பங்கு? 1925இல் அந்நிதிக்குக் காசு கொடுத்தோர் யார் யார் என இன்று எண்ணிச் சொல்ல இயலாது. அவருள் நம்மவர் எத்தனை பேர் என்பதும் தெரியாது. ஆனால் அதன் பயனை நுகர்ந்தோருள் நாமும் உளோம். வேலை தேடி வந்து, மொழி தெரியாத ஊரில், உறவினர் துணையின்றி முதற் குழந்தையைப் பெற்ற தமிழ்ப் பெண்ணுக்கு, இந்நகரின் மருத்துவமனைகளே தாய்வீடாக இருந்திருக்கின்றன. அவளை எந்த ஊர், எந்த மொழி என்று வாயிலில் நிறுத்தி ஒருவரும் விலக்கவில்லை. எவரோ ஒரு வங்கத் தாய் கழற்றிக் கொடுத்த வளையல், பெயரறியாத நம் தாய்க்குக் கட்டிலாயிற்று.

இதுவும் கடனே. எந்த நீதிமன்றமும் இதனைக் கேளாது. எந்தப் பத்திரத்திலும் இது எழுதப்படவில்லை. ஆனால் 1913இல் தேசபந்து தீர்த்த கடனும் சட்டம் கேளாத கடன்தான் அன்றோ? வள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதனை ஆண்டுதோறும் மேடையில் முழங்குகின்ற நாம், விழா முடிந்தபின் வாழும் ஊரில் அதனைச் செய்து காட்டுதல் வேண்டும். நம் சங்கம் கோயிலுக்கும் கலைவிழாவுக்கும் நிதி திரட்டுகின்றது, அது நன்றே. அதனுடன் ஆண்டில் ஒரு திங்களை ஒதுக்கி, அண்டையிலுள்ள பொது மருத்துவமனைக்கு வேண்டுவது யாது எனக் கேட்டறிந்து, இயன்றதைச் சேர்த்தளிப்போமாக. பெருந்தொகை தேவையில்லை. வீட்டுக்கு ஒரு சிறுதொகை, இளைஞர் கொடுக்கும் குருதி, மொழி தெரியாத நோயாளிக்குத் துணையாக நிற்க ஓர் ஆள் என்பனவும் கொடையே.

இலக்கு முழுதும் நிறைவதற்கு முன்னரே பணியைத் தொடங்கினர் அன்றையோர். நாமும் அவ்வாறே தொடங்குவோம். கடன் தீர்த்த அவ்வில்லம் நம் கடனையும் நினைவூட்டி நீடு வாழ்க!