சங்கிலி வாள் மரமறுப்பு

சங்கிலி வாள் மரமறுப்பு என்பது, செயின் சா எனப் பரவலாக அழைக்கப்படும் விசை வாளைக் கொண்டு, வீழ்ந்த மரத்தின் அடிமரத்தை அது கிடக்கும் இடத்திலேயே நீளவாட்டில் அறுத்துப் பலகை, சட்டம், விட்டம் ஆகியவற்றை எடுக்கும் முறை. ஓரிரு மரங்களை மட்டுமே வைத்திருக்கும் வீட்டாருக்கும் உழவருக்கும் தச்சருக்கும், லாரி நுழைய முடியாத தோட்டங்களுக்கும் இது ஏற்றது. 40 செ.மீ. விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள அடிமரத்தின் கன அளவு ஏறத்தாழ 0.31 கன மீட்டர். பச்சையாக இருக்கையில் அதன் எடை பெரும்பாலும் 250 கிலோவைத் தாண்டும். அதை நகர்த்த ஆள்பலமும் வண்டியும் வேண்டும். அதே மரத்தை 5 செ.மீ. கனத்தில் அறுத்தால் ஒவ்வொரு பலகையையும் இருவர் தூக்கிச் செல்லலாம். மரத்தை ஆலைக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக ஆலையை மரத்திடம் கொண்டுவருவதே இம்முறையின் அடிப்படை.

வரலாறு

விசை வாள் வருவதற்கு முன் உலகின் பல பகுதிகளில் மரமறுப்பு இருவர் வேலையாக இருந்தது. குழியின் மேலோ உயர்த்திக் கட்டிய சாரத்தின் மேலோ மரத்தைக் கிடத்தி, ஒருவர் மேலே நின்றும் மற்றவர் கீழே நின்றும் நீண்ட வாளை இழுப்பார்கள். நூல் அடித்த கோட்டிலிருந்து வாள் விலகாமல் பார்த்துக்கொள்வது மேலே நிற்பவரின் பொறுப்பு.

1926இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஆந்திரேயாஸ் ஸ்டீல் மின்சாரச் சங்கிலி வாளை உருவாக்கினார். 1929இல் பெட்ரோலில் இயங்கும் வாளைக் கொண்டுவந்தார். இவை இருவர் சேர்ந்து பிடிக்க வேண்டிய கனத்த கருவிகள். அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் பியூபோர்ட் காக்ஸ், மரத்தைக் குடையும் வண்டுப்புழு தன் தாடைகளால் இடமும் வலமுமாக அரித்துச் செல்வதைக் கவனித்தார். அந்த அமைப்பில் பற்களை மாறிமாறி வைத்த சங்கிலியை 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய சங்கிலிகள் அதன் வழிவந்தவை.

வாள்கள் எடை குறைந்து ஒருவர் கைக்கு அடக்கமான பிறகு, அவற்றோடு பொருத்தும் அறுப்புச் சட்டகங்கள் வந்தன. அவற்றுள் அதிகம் அறியப்பட்டது கலிபோர்னியாவின் கிரான்பெர்க் நிறுவனம் பரப்பிய ‘அலாஸ்கன் மில்’.

சட்டக வகைகள்

அலாஸ்கன் மில் என்பது வாளின் பார் (சங்கிலி சுற்றியோடும் நீண்ட தகடு) மீது இறுக்கிப் பூட்டப்படும் அலுமினிய அல்லது எஃகுச் சட்டகம். பாருக்கு இணையாக இரண்டு தண்டவாளங்கள் இருக்கும். அவை மரத்தின் மேற்பரப்பில் படிந்து நகர, பார் கிடைமட்டமாக உள்ளே அறுத்துச் செல்லும். தண்டவாளத்துக்கும் பாருக்கும் உள்ள இடைவெளியே பலகையின் கனம். சட்டகம் பாரின் நீளத்தில் சிறிது இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அறுக்கக்கூடிய அகலம் பாரின் நீளத்தைவிட 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் குறையும்.

சிறு செங்குத்துச் சட்டகம், மரத்தின் மேல் அறைந்த பலகையைத் தடமாகக் கொண்டு ஓடும். பக்கங்களைச் சதுரித்து விட்டம் எடுக்கவும், பலகையின் பட்டை ஓரங்களை நேராக்கவும் இது உதவும். மூன்றாவது வகையில் மரத்தைத் தாங்கி மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, வாளை நிலையான தண்டவாளத்தில் ஓட்டுவார்கள். சுவீடனின் லோகோசோல் நிறுவனத்தின் ஆலைகள் இவ்வகையின. சட்டகம் எதுவுமின்றி வெறுங்கையால் கோட்டைப் பார்த்து அறுக்கும் முறை ஆப்பிரிக்க, தென்னமெரிக்கக் காடுகளில் உண்டு. அதற்கு நீண்ட பயிற்சி வேண்டும்; மரம் வீணாவதும் அதிகம்.

வாளும் சங்கிலியும்

கிளை வெட்டும் வாள் ஒரு வெட்டுக்குச் சில நொடிகளே முழு வேகத்தில் ஓடுகிறது. மரமறுப்பில் அது பல நிமிடங்கள் இடைவிடாது முழு விசையில் ஓட வேண்டும். எனவே 30 செ.மீ. வரையிலான மரத்துக்கே 60 கன செ.மீ. எஞ்சின் தேவை, அகன்ற மரங்களுக்கு 90 கன செ.மீ.க்கு மேற்பட்ட வாள்களைப் பயன்படுத்துவர். ஸ்டீல் எம்எஸ் 661, ஹஸ்க்வர்னா 395 எக்ஸ்பி ஆகியவை இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள். பெட்ரோலையும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலையும் தயாரிப்பாளர் சொல்லும் விகிதத்தில், பெரும்பாலும் 50:1 என்ற அளவில், கலக்க வேண்டும். வெட்டு முடிந்ததும் எஞ்சினைச் சட்டென நிறுத்தாமல் சற்று நேரம் மெதுவாக ஓடவிட்டால் சூடு தணியும். பார் நீளமானால் அதன் நுனிக்குத் தனியாக எண்ணெய் சொட்டும் ஏற்பாடு நல்லது.

சாதாரணச் சங்கிலியின் பல் மேற்பக்கம் 25 முதல் 35 பாகை சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். மரத்தைக் குறுக்கே வெட்டுவதற்கான கோணம் அது. நீளவாட்டில் அறுக்கும்போது பல் நார்களின் முனைகளை நேருக்கு நேர் சந்திக்கிறது. அதற்கு ஏறத்தாழ 10 பாகையில் தீட்டிய ‘ரிப்பிங்’ சங்கிலி வேண்டும். அதன் அறுப்புப் பரப்பு வழவழப்பாக அமையும். பின்னர் இழைப்புளிக்கு வேலை குறையும்.

சங்கிலியின் கூர்மையை மரத்தூளே காட்டிக்கொடுக்கும். கூரான சங்கிலி சீரான துருவலை உதிர்க்கும், சட்டகம் மெல்லிய தள்ளுதலுக்கே நகரும். மாவுபோன்ற தூளும், கருகிய மணமும், உடம்பால் அழுத்தினால்தான் நகரும் நிலையும் வந்தால் அரத்தை எடுக்க வேண்டும். பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் தீட்டிவிடுவது பொது வழக்கம். இடது வலது பற்கள் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் வாள் ஒரு பக்கமாக இழுத்துப் பலகையை வளைக்கும்.

அறுக்கும் முறை

முதலில் மரத்தை மண்ணிலிருந்து உயர்த்திக் கட்டைகள் மேல் வைத்து, உருளாதபடி ஆப்பு வைக்க வேண்டும். வாள் செல்லும் திசையில் சற்றே சரிவு இருந்தால் தள்ளுவது எளிது. மண் ஒட்டிய பட்டையை உரித்துவிட்டால் சங்கிலி நெடுநேரம் கூராக இருக்கும். வீட்டுத் தோட்டத்து மரங்களில் கொடிக்கம்பிக்காக அறைந்த ஆணியும் வேலிக்கம்பியும் புதைந்திருப்பது சாதாரணம். மரத்தின் முனையில் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கலாம். மரத்தின் துவர்ப்புச்சத்து இரும்போடு சேர்ந்து அந்தக் கறையை உண்டாக்குகிறது. உலோகங்காட்டியால் தடவிப் பார்ப்பது பாதுகாப்பு.

வேலையின் தரம் முழுவதும் முதல் வெட்டில் அடங்கியிருக்கிறது. உருண்ட மரத்தின் மேல் சட்டகம் ஓடத் தட்டையான தளம் கிடையாது. எனவே நேரான ஏணியையோ, கனத்த பலகையையோ, அலுமினியச் சட்டங்களையோ மரத்தின் மேல் தற்காலிகமாகத் திருகாணியால் பொருத்துவர். இதன் இரு முனைகளிலும் ரசமட்டம் வைத்து, இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு முனை சிறிது சாய்ந்திருந்தாலும் முதல் பரப்பு முறுக்கிக்கொள்ளும். அடுத்தடுத்த பலகைகள் அந்தப் பரப்பையே தடமாகக் கொள்வதால் முறுக்கு கடைசிப் பலகை வரை தொடரும். அடிப்பக்கம் பருத்து நுனி சிறுத்த மரத்தில், இரு முனைகளின் நடுமையத்திலிருந்தும் ஏணி ஒரே உயரத்தில் அமையுமாறு ஒரு முனையை உயர்த்துவர். அப்போது நார் பலகையின் நீளத்தோடு இணையாக ஓடும்.

திருகாணிகள் சங்கிலி செல்லும் ஆழத்துக்கு மேலேயே நிற்கின்றனவா என உறுதிசெய்த பின்பே வாளை இயக்க வேண்டும். முதல் சீவல் போனதும் ஏணி தேவையில்லை. அறுத்த பரப்பே தளமாகிவிடும். வாள் முன்னேற முன்னேற, பின்னால் திறக்கும் வெட்டில் மர ஆப்புகளையோ பிளாஸ்டிக் ஆப்புகளையோ செருகினால், மேற்பலகை இறங்கிப் பாரைக் கவ்வாது. இரும்பு ஆப்பு கூடாது.

வாள்தடமும் சேதமும்

சங்கிலி வாள் தான் ஓடிய தடத்தில் ஏறத்தாழ 9 மி.மீ. மரத்தைத் தூளாக்குகிறது. மெல்லிய சங்கிலியானால் 6 முதல் 7 மி.மீ. அறுப்பு ஆலைகளின் பட்டை வாள் எடுப்பது 2 அல்லது 3 மி.மீ. மட்டும். 25 மி.மீ. பலகைக்கு 9 மி.மீ. தூளானால் நான்கில் ஒரு பங்கு மரம் போய்விடுகிறது. 50 மி.மீ. பலகையில் அந்தச் சேதம் 15 விழுக்காடாகக் குறைகிறது. ஆகவே மேசைப் பலகை, பெஞ்சு, நிலைச்சட்டம், விட்டம் போன்ற கனத்த துண்டுகளுக்கே இம்முறை பொருத்தம். மெல்லிய பலகைகள் நிறைய வேண்டுமென்றால், இங்கே கனமாக அறுத்துத் தூக்கக்கூடிய அளவாக்கி, பட்டை வாளில் மறுபடி அறுப்பது மரத்தைக் காக்கும்.

மேலிருந்து கீழாக வரிசையாக அறுப்பது எளிய முறை. ஆனால் மரம் காயும்போது, வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. இதனால் ஓரப் பலகைகள் குழிந்து வளையும். நடுமையம் உள்ள பலகை வெடிக்கும். மரத்தை நான்காகப் பிளந்து, வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக வரும்படி அறுத்தால் வளைவு குறையும். சேதமும் உழைப்பும் கூடும்.

உலர்த்தல்

பச்சைப் பலகையைச் சரியாக உலர்த்தாவிட்டால் அறுத்த உழைப்பெல்லாம் விறகாகிவிடும். அறுத்த அன்றே பலகையின் இரு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ பூச வேண்டும். நார்களின் வாய் வழியே ஈரம் வேகமாக வெளியேறுவதால்தான் முனை வெடிக்கிறது. நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் அடுக்கை எழுப்புவர். ஒவ்வொரு பலகைக்கும் இடையே 20 முதல் 25 மி.மீ. கனமுள்ள உலர்ந்த குச்சிகளை, 40 முதல் 60 செ.மீ.க்கு ஒன்றாக, கீழிருந்து மேல்வரை ஒரே நேர்க்கோட்டில் வைக்க வேண்டும். குச்சி ஓரிடத்தில் விலகினாலும் மேலுள்ள எடையால் பலகை அலைபோல் நெளியும். உச்சியில் பாரம் வைப்பது நன்று.

ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். 25 மி.மீ. கனத்துக்கு ஓராண்டு என்பது மிதவெப்ப நாடுகளின் கணக்கு. வெப்பமான சமவெளியில் விரைவாகவே காயும். நேர் வெயிலும் அனற்காற்றும் படாமல் காப்பதே அங்கு முதன்மையான கவலை. ஒரு பலகையை அடையாளமிட்டு அவ்வப்போது எடை போட்டால் போதும்: எடை குறைவது நின்றால் பலகை அந்த இடத்தின் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது.

மரவகைகள்

பலாவின் மஞ்சள் வைரம் நாளடைவில் பொன்பழுப்பாகும்; மிருதங்கமும் தம்புராவும் செய்ய உதவும் மரம் அது. வேம்பைப் பூச்சி எளிதில் தாக்காது. பூவரசு மரச்சாமான்களுக்கு ஏற்றது. தேக்கில் உள்ள மணற்சத்து சங்கிலியை விரைவில் மழுக்கும். மாவும் ரப்பரும் அறுத்த சில நாட்களிலேயே நீலம் பூத்து வண்டு விழும். ரப்பர் பலகைக்கு உடனே போரான் மருந்து ஏற்ற வேண்டும். எந்த மரமானாலும் வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறு முதலில் உளுக்கும். தென்னையிலும் பனையிலும் இந்தக் கணக்கு மாறும்: வலிமை வெளிவட்டத்தில் இருக்கிறது, நடுப்பகுதி சோறு. எனவே சுற்றிலும் இருந்து சட்டங்கள் எடுத்து நடுவை ஒதுக்குவர். 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர் மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. புயலுக்குப் பின் ஒரே நேரத்தில் குவியும் மரம் உளுத்துப்போகும் முன் பலகையாக வேண்டும் என்பதால், இடத்திலேயே அறுக்கும் முறையின் தேவை அங்கே தெளிவாகத் தெரிகிறது.

பாதுகாப்பு

சங்கிலி வாளின் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டும். காதுமூடி இல்லாமல் வேலை கூடாது. தலைக்கவசம், கண்ணாடி, சங்கிலி பட்டால் நார் சிக்கி நிறுத்தும் கால்கவசம், கனத்த பூட்ஸ் ஆகியவை கட்டாயம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியுள்ளது. முகக்கவசம் அணிவதும், புகையும் தூளும் முகத்தில் வராதபடி காற்றின் திசை பார்த்து நிற்பதும் அவசியம். நெடுநேர அதிர்வு விரல்களின் இரத்த ஓட்டத்தைக் கெடுத்து அவற்றை வெளுத்து மரக்கச் செய்யும். தனியாளாக இவ்வேலையில் இறங்கக் கூடாது.

சட்டமும் காடும்

கானாவில் வணிகத்துக்காகச் சங்கிலி வாளால் பலகை அறுப்பது 1998இல் தடைசெய்யப்பட்டது. ஆயினும் உள்நாட்டுச் சந்தை அதையே பெரிதும் நம்பியிருந்தது. கயானாவிலோ உரிமத்தின் கீழ் அது அனுமதிக்கப்பட்ட தொழில். தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைக் காக்க 1994ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. சந்தனத்துக்கும் கட்டுப்பாடுகள் உள்ளன. வெட்டுமரத்தைக் கொண்டுசெல்வது 1968ஆம் ஆண்டின் விதிகளுக்கு உட்பட்டது. இலங்கையில் பலா மரத்தை வெட்ட 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி வேண்டும். 2019இல் சங்கிலி வாள்களையே பதிவுசெய்ய அரசு பணித்தது.

காட்டுக்குள் எளிதாக நுழையும் கருவி என்பதால் இக்கட்டுப்பாடுகள் நியாயமானவை. வீழ்ந்த மரத்தை விறகாக்காமல் தலைமுறை கடந்து நிற்கும் நிலைக்கதவாகவும் மேசையாகவும் மாற்றுவதே இந்த வாளுக்குரிய தகுந்த வேலை. அதற்கு முதல் வெட்டில் மட்டமும், அடுக்கில் பொறுமையும், வெட்டும் முன் அனுமதியும் வேண்டும்.