வண்டினங்களின் நாமகரணம்

முன்னர் எவராலும் விவரிக்கப்படாத ஒரு வண்டினத்தை இனங்கண்டு, அதன் அங்க லட்சணங்களை நுணுக்கமாக வர்ணித்து, இருசொற் பெயர் சூட்டி, அச்சில் வெளியிடும் சாஸ்திரீய முறையே வண்டினங்களின் நாமகரணம் எனப்படும். இதுவரை ஏறக்குறைய 4 லட்சம் வண்டினங்கள் இவ்வாறு பெயர் பெற்றுள்ளன. சேலம், நாமக்கல் சமவெளியின் குடியானவர் தம் தோப்புகளில் தலைமுறை தலைமுறையாகக் கண்டு சலித்த வண்டுகளுக்குப் பெயரிட்டவர்களோ இந்நிலத்தை ஒருநாளும் மிதித்தறியாதவர்கள்.

பரமத்திவேலூரைச் சார்ந்த காவிரிக்கரைத் தென்னந்தோப்புகளில், விரியாத குருத்தின் அடியைத் துளைத்துப் புகுந்து தின்றுவிட்டு, பின்னர் அக்குருத்து மட்டையாக விரியும்போது கத்தரியால் நறுக்கியது போன்ற முக்கோண வெட்டுகளைக் காட்டித் தன் வருகையை அறிவிப்பது காண்டாமிருக வண்டு. அதன் புழுக்கள் வளர்வது எருக்குழியில். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பில் இதனை 'ஸ்கரபேயஸ் ரைனோசெரஸ்' என்று குறித்தார். விலங்கியற் பெயரீட்டின் ஆதியாக உலகம் ஏற்றுக்கொண்டது அப்பதிப்பையே. பிற்காலத்தார் இவ்வண்டை 'ஓரிக்டிஸ்' என்ற பேரினத்துக்கு மாற்றினர். எனினும் இரண்டாம் சொல்லும், அதைச் சூட்டியவர் என்ற லின்னேயஸின் உரிமையும் மாறவில்லை.

லின்னேயஸின் மாணாக்கரும் பின்னாளில் கீல் நகரத்துப் பேராசிரியருமான ஃபாப்ரிசியஸ் (1745-1808) இத்துறையின் பெரும் பெயரீட்டாளர். 1620 முதல் 1845 வரை டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து, 1768இல் அங்கு வந்த வைத்தியர் கேனிக், பின்னர் டால்டார்ஃப் போன்றோர் சேகரித்த பூச்சிகள் கப்பலேறி ஐரோப்பா சென்றன. அவற்றுட் பலவற்றை விவரித்தவர் ஃபாப்ரிசியஸே. சேலத்து மாம்பழப் பிரியர்கள் நன்கறிந்த மாங்கொட்டைக் கூன்வண்டுக்கு 1775இல் பெயரிட்டவரும் அவர்தாம். பிஞ்சின் தோலில் இடப்பட்ட முட்டையிலிருந்து வெளிவரும் புழு சதையைக் கடந்து கொட்டைக்குள் புகுந்துவிட, வழியிலிருந்த காயம் ஆறிவிடுவதால், பழம் வெளியே மாசற்றதாகத் தோன்றும். கொட்டையைப் பிளந்தாலொழியக் குட்டு வெளிப்படாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பிரிட்டிஷ் இந்திய விலங்குத் தொகுதி நூல்களில், 1906இல் கேஹன் நீளக்கொம்பு வண்டுகளையும், 1910இல் ஆரோ காண்டாமிருக வண்டுத் துணைக்குடும்பத்தையும், 1916இல் மார்ஷல் கூன்வண்டுகளையும் வகைப்படுத்தினர். கோயம்புத்தூரில் பணியாற்றிய ஃப்ளெட்சர் 1914இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதிய நூலும், 1940இல் டி. வி. ராமகிருஷ்ண அய்யர் இயற்றிய கைந்நூலும் இவ்வறிவைப் பயிர்த்தொழிலோடு பிணைத்தன. மார்ஷலின் நூல் வெளிவந்த அதே 1916இல்தான் இந்திய விலங்கியல் ஆய்வகமும் கல்கத்தாவில் நிறுவப்பெற்றது.

பெரும்பாலும் புதிய இனம் 'கண்டுபிடிக்கப்படுவது' காட்டிலன்று, மேஜையின் மீது. வண்டின் வலது மேற்சிறகில் ஊசி குத்தி நிறுத்தி, ஊசி தாங்காத சிறு வண்டுகளைக் காகிதத் துண்டில் ஒட்டி, ஆண் வண்டின் இனவுறுப்பைப் பிரித்தெடுத்து, பழைய மாதிரிகளோடு ஒப்பிட்ட பின்னரே முடிவு பிறக்கிறது. உருவில் ஒன்றேபோல் தோன்றும் இரண்டினங்கள் பல சமயம் இவ்வுறுப்பினாலேயே பிரித்தறியப்படுகின்றன. பெயருக்கு ஆதாரமான மூலமாதிரியைச் சுட்டாமல் 1999க்குப் பின் வெளியிடப்பட்ட பெயர்கள் சர்வதேச விதிப்படி செல்லா. இவ்வேற்பாடு நியாயமானதே, ஆனால் நம் வண்டுகளின் பழைய மாதிரிகள் பல லண்டனிலும் கோபன்ஹேகனிலும் இருப்பதால், இங்குள்ள ஆராய்ச்சியாளர் தம் ஊர்ப் பூச்சியை ஒப்பிட அந்நிய தேசத்துப் பெட்டிகளை நாட வேண்டியிருப்பது பெருங்குறையே. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, இந்தியாவில் புதிய இனத்தைக் காண்பவர் அதை அரசு குறித்த காப்பகத்துக்கு அறிவித்து, சான்று மாதிரியை அங்கு ஒப்படைத்தல் வேண்டும்.