நிணமும் நீரும்

சங்கத் தமிழில் நிணம் என்றால் கொழுப்பு. ‘நிணநீர்’ என்று பெயர் வைத்தவர் யாராயினும், வரலாறு அவர் பக்கமே நிற்கிறது.

1622 ஜூலை 23. இத்தாலியில் காஸ்பாரே அசெல்லி, வயிறாரத் தின்றிருந்த நாயொன்றை உயிருடன் அறுத்தபோது குடலருகே வெண்ணிற இழைகளைக் கண்டார். நரம்புகள் என்றே எண்ணினார். ஒன்றைக் கீறியதும் பால்போல் வழிந்தது. அந்த வெண்மை, தீனியிலிருந்த கொழுப்பு. அடுத்து அறுத்த பட்டினி நாயில் இழைகள் தெரியவில்லை.

மார்பகப் புற்றுக்காக அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றும் அறுவையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஹால்ஸ்டெட் பரப்பினார். பிழைத்த பெண்கள் பலருக்குக் கை வீங்கியது. 1921இல் அவரே அதை ‘அறுவை யானைக்கால்’ என்ற பொருளில் குறித்தார். நம் ஊரில் புழு அடைத்த வழியை அங்கே கத்தி அடைத்தது. நீர் தேங்கிய கையில் நாளடைவில் கொழுப்பும் சேரும்.

2001இல் கலிஃபோர்னியாவில் பாட்ரிசியா ஸுக் குழுவினர், உடலிலிருந்து உறிஞ்சியெடுத்துக் குப்பையில் போடும் கொழுப்பில் ஸ்டெம் செல்கள் இருப்பதைக் காட்டினர். டென்மார்க்கின் ஓடென்சேயில் கை வீங்கிய 10 பெண்களின் அக்குளில், அவரவர் கொழுப்பையும் அதிலிருந்து பிரித்த செல்களையும் செலுத்திப் பார்த்தார்கள். முடிவு 2017இல் வெளியானது. கையின் பருமனில் சொல்லத்தக்க மாற்றமில்லை. கனம் குறைந்ததாகப் பெண்கள் சொன்னார்கள். ஒப்பிட வேறு குழு இல்லாத சிறு சோதனை அது. இதைக் காட்டிப் பணம் கேட்பவரை நம்பமாட்டேன். அந்தப் பெண்கள் சொன்னதைத் தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.