பாதையில் பரப்பிய செங்கல்

இருப்புப் பாதைப் பணியில் இருக்கும் நமக்கு ஜல்லி என்றால் வெறும் ஜல்லிதான். சிலீப்பர் கட்டையைத் தாங்கிக் கிடக்கும் கல்லைக் கையிலெடுத்து, ‘நீ எந்த ஊர்?’ என்று நாம் எவரும் வினவியதில்லை. வினவியிருக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது.

சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில், லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே பாதை அமைத்தனர். அது வண்டல் நிலம். கல் கிடைப்பது அரிது. ஆனால் ராவி நதியின் பழைய கரையில், ஹரப்பா என்னும் சிற்றூரை ஒட்டிய மேடுகளில், நன்றாகச் சுட்ட செங்கல் குவிந்து கிடந்தது. அதை வெட்டியெடுத்துப் பாதையில் பரப்பிவிட்டனர். 1853இலும் 1856இலும் அவ்விடத்தைக் கண்டிருந்த அலெக்சாந்தர் கன்னிங்காம், 1872-73இல் மீண்டும் சென்றபோது, முன்பு பார்த்த சுவர்களைக் காணவில்லை. சுமார் 100 மைல் பாதைக்கு அச்செங்கல் போதுமானதாயிற்று என்று அவர் எழுதிவைத்தார்.

அவருக்குக் கிடைத்தது ஒரு சிறிய கல் முத்திரை. திமிலில்லாத ஒரு விலங்கு. அதன்மேல் ஆறு எழுத்துகள். 1875இல் அதன் படத்தை வெளியிட்ட அவர், அது பிறநாட்டுப் பொருள் என்றே கருதினார். அப்பெரியாரைக் குறை கூறுவது நமக்கு அழகன்று. அது எந்த மண்ணடுக்கில், எதன் அருகே கிடந்தது என்று அறியாதபோது எவர்தாம் காலம் கணிக்க இயலும்? சரக்குக் கொட்டகைக்குச் சில வேளை சீட்டுக் கிழிந்த மூட்டை வந்து சேரும். உள்ளே பொருள் பழுதின்றி இருக்கும். அனுப்பியவர் யார், பெறுபவர் யார் என்பது மட்டும் விளங்காது. அம்முத்திரையும் ஏறத்தாழ 50 ஆண்டுகள் அவ்வாறே கிடந்தது.

1921இல் தயாராம் சாஹ்னி ஹரப்பாவில் அகழ்ந்தார். மறு ஆண்டில் ராக்கால்தாஸ் பானர்ஜி, சிந்துவில் உள்ள மொகஞ்சதாரோவில் அகழ்ந்தார். இரண்டிற்கும் இடையே பல நூறு மைல். ஆயினும் ஒரே வகை முத்திரை, ஒரே எழுத்து. ஜான் மார்ஷல் 1924இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இவற்றைப் படங்களுடன் வெளியிட்டார். உடனே மெசொபொத்தேமியப் பழம்பொருள்களைப் பயின்றோர், தங்களிடமும் இத்தகைய முத்திரைகள் உண்டென்று தெரிவித்தனர். அவ்வளவில் இந்நாட்டு நகரங்களின் தொன்மை கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டிற்குச் சென்றுவிட்டது!

அவ்வெழுத்துகளை ஐயமற எவரும் இன்னும் படித்திலர். எடைக்கற்களைப் படிக்கவோ எழுத்தறிவும் வேண்டுவதில்லை. கனசதுரமாகத் தேய்த்த கற்கள். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என இரட்டித்துச் செல்பவை. மிகுதியாகக் கிடைக்கும் கல் ஏறத்தாழ 13.6 கிராம். பஞ்சாபின் ஹரப்பாவிலும் குஜராத்தின் லோத்தலிலும் அதே அளவு. நம் காலத்து அரசோ, நாடு முழுமைக்கும் ஒரே எடை என்பதற்கு 1956இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

பொருட்காட்சிச் சாலைக்கு எடுத்துச் செல்லவே இயலாத எச்சமும் உண்டு. ராஜஸ்தானத்துக் காலிபங்கனில் 1960களில் பி.பி.லாலும் பி.கே.தாப்பரும் அகழ்ந்தபோது, உழுது விட்ட வயல் ஒன்று வெளிப்பட்டது. ஹரப்பா நகரம் செழிப்பதற்கு முந்திய வயல் அது. ஒரு திசையில் சுமார் 30 சென்டிமீட்டருக்கு ஒரு சால். குறுக்கே ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு ஒரு சால். இதன் பொருள் யாதென்று அறிய அறிஞர்கள் நெடுந்தூரம் செல்லவில்லை. பக்கத்துக் காட்டில் அவ்வூர் உழவர் அதே முறையில் உழுது, நெருங்கிய சாலில் பயறும் அகன்ற சாலில் கடுகும் விதைத்திருந்தனர்.

அவ்வயலில் பொன்னில்லை, பானையில்லை, ஒரு செங்கல்லும் இல்லை. மண்ணில் மண்ணால் ஆன கோடுகளே உள்ளன. மண்வெட்டி ஒரு முழம் தவறியிருந்தால் அதுவும் இல்லை. அளந்து, படமெடுத்து முடித்தபின், கெடாதிருக்கும் பொருட்டு அதனை மீண்டும் மண்ணிட்டு மூடிவிட்டனர்.