தையலில் ஒரு மனு

நியூசிலாந்தில் 1893ஆம் ஆண்டு பெண் வாக்குரிமை மனுவில் கையெழுத்திட்டவர்களை நினைவுகூர வெலிங்டனில் உருவான துணிப் படைப்பு, ‘சஃப்ரேஜ் இன் ஸ்டிட்சஸ்’. 546 பேர் ஆளுக்கொரு துண்டாகத் தைத்தார்கள். எல்லாவற்றையும் இணைத்தால் சுமார் 300 மீட்டர்.

546 என்ற கணக்கு மனுவிலிருந்தே வந்தது. பல ஊர்களில் கையெழுத்து வாங்கிய தாள்களை வாக்குரிமை இயக்கத் தலைவி கேட் ஷெப்பர்ட் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, துடைப்பக் கட்டையில் சுருட்டினார். தாள்கள் 546, கையெழுத்துகள் 25,000க்கு மேல், நீளம் 270 மீட்டருக்கு மேல். சென்னையை அடுத்த அண்ணனூரில் நின்று போகும் 12 பெட்டி லோக்கல் ரயிலும் ஏறக்குறைய அவ்வளவு நீளம்தான். நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் ஹால் அந்தச் சுருளை நாடாளுமன்ற அவையின் நடுவே உருட்டிவிட, கட்டை எதிர்ச்சுவரில் ‘டொக்’கென்று மோதி நின்றது. செப்டம்பர் 19 அன்று பெண் வாக்குரிமை சட்டமானது.

தைப்பவருக்கு மனுவின் ஒரு தாள் ஒதுக்கப்பட்டது. அதில் கையெழுத்திட்ட ஒருத்தியையோ தன் வாழ்வில் வந்த ஒரு பெண்ணையோ அவர் துணியில் கொண்டுவரலாம். மனுவில் இருப்பதோ பெயரும் முகவரியும்தான். மற்றதையெல்லாம் ஊசிதான் சொல்லியாக வேண்டும். தமிழில் ‘தையல்’ என்றால் பெண்ணும்தான் என்பது இங்கே நினைவுக்கு வராமல் போகாது.

பெயரைத் தைத்துவைக்கும் வழக்கம் இதற்கும் மூத்தது. 1910இல் கிளாஸ்கோவில் பூத்தையல் கலைஞர் ஆன் மக்பெத், வாக்குரிமைப் போராட்டத்தில் சிறைசென்று உண்ணாவிரதமிருந்த 80 பெண்களின் பெயர்களைத் தாங்கிய போர்வையை உருவாக்கினார். அது பிறகு ஊர்வலப் பதாகையானது. 1912இல் லண்டன் ஹாலோவே சிறையிலிருந்த வாக்குரிமைப் போராளிப் பெண்கள் ஒரே கைக்குட்டையில் 66 கையெழுத்துகளை நூலால் போட்டார்கள்.

அதே சிறையில் 1910இல் இருந்தவர் மார்கரெட் கசின்ஸ். 1915இல் இந்தியா வந்தார். 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை வந்த பிரிட்டிஷ் அரசின் இந்திய அமைச்சர் மாண்டேகுவிடம் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு வாக்குரிமை கேட்டு மனு கொடுத்தது. 1921இல் சென்னை மாகாணம், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாக, பெண் வாக்குரிமைக்கு இசைந்தது. சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு மட்டும்தான். சென்னையில் இப்படியொரு துணி தைப்பதென்றால், ஊசியை எடுக்க வேண்டியது 1917 மனுவின் பெயர்களிலிருந்துதான்.