அமேசான் காடழிப்பு மாதிரிகள்

அமேசான் படுகையில் காடு எதனால் அழிகிறது, அழிந்தால் மழையும் வெப்பமும் எவ்வாறு மாறும் என்பவற்றை ஆராயும் கணினிக் கணிப்பு முறைகள்.

காட்டுக்கும் நீர்வளத்துக்கும் உறவுண்டு என்ற கருத்து பழையது. 1800இல் வெனிசுவேலாவின் வலென்சியா ஏரி வற்றிவருவதைக் கண்ட ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட், சுற்றுப்புற மரங்களை வெட்டியதே காரணம் என்றார்.

இக்கருத்துக்கு எண் தந்தவர் பிரேசில் அறிவியலாளர் எனேயாஸ் சலாட்டி. 1970களில் அவர் குழு மழைநீரையே சாட்சியாக அழைத்தது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்கே செல்லச் செல்ல, கனமான ஆக்சிஜன்-18 அடங்கிய நீர் முந்திப் பெய்துவிடும்; உள்நாட்டு மழையில் அதன் அளவு வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அளவுக்குக் குறையவில்லை. பெய்த நீரை வேர்கள் உறிஞ்ச, இலைகள் மீண்டும் வானுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. மழையில் ஏறக்குறையப் பாதி இவ்வாறு சுழன்று வருவது என 1979இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஒரே நீர் கடலிலிருந்து ஆண்டிஸ் மலையடிவாரம் சேர்வதற்குள் பலமுறை மரமேறி இறங்குகிறது.

1990இல் ஜகதீஷ் சுக்லா, கார்லோஸ் நோப்ரே, பியர்ஸ் செல்லர்ஸ் ஆகிய அறிவியலாளர் மூவரும் கணினியில் அமேசான் காட்டை நீக்கிப் புல்வெளியை வைத்துப் பார்த்தனர். வெப்பம் கூடியது, மழை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. வறண்ட பருவம் நீண்டதால், அழிந்த காடு மீண்டும் தழைப்பது அரிது என்பதே அவர்களுடைய கவலைக்குரிய முடிவு.

காடழிவின் காரணங்களைக் கணிப்பது, அதன் விளைவுகளைக் கணிப்பதைவிடக் கடினம். 1984இல் பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தில் பிஆர்-364 நெடுஞ்சாலைக்குத் தார் போடப்பட்டது. அங்கே சாலையிலிருந்து கிளைவழிகள் பிரிந்து காடு அழிந்த கோலம், செயற்கைக்கோள் படங்களில் மீன்முள்ளைப் போலத் தெரிகிறது. எனினும் சாலையை மட்டும் குற்றஞ்சாட்ட இயலாது. வெப்பமண்டல நாடுகளின் 152 கள ஆய்வுகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் கைஸ்ட், லாம்பின் இருவரும் (2002), மக்கள்தொகைப் பெருக்கமோ காட்டெரிப்பு வேளாண்மையோ தனித்து விளக்கம் ஆகாது என்றனர். 2006இல் சோவாரெஸ்-ஃபில்யோ குழுவின் மாதிரி, அன்றைய போக்கு நீடித்தால் 2050க்குள் 40 விழுக்காடு காடு அழியும் என்றது. ஆனால் 2004இல் 27,000 சதுர கி.மீ.யைத் தாண்டிய பிரேசிலின் ஆண்டு அழிவு, 2012இல் 4,600க்கும் கீழே இறங்கியது. இதை மாதிரியின் தோல்வி என்பது பொருந்தாது. போக்கு நீடித்தால் என்பதே அதன் நிபந்தனை.

எவ்வளவு அழிந்தால் காடு தன்னைத் தாங்க இயலாமல் போகும் என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. முந்தைய மாதிரிகள் சில 40 விழுக்காடு என்றன. நோப்ரேயும் சூழலியலாளர் தாமஸ் லவ்ஜாயும் 2018இல் 20 முதல் 25 என்றனர். அப்போதே ஏறத்தாழ 17 விழுக்காடு அழிந்திருந்தது.

இதற்கிடையே பிரேசிலின் ஆண்டு அழிவு 2021இல் மீண்டும் உயர்ந்து 13,000 சதுர கி.மீ. ஆனது; 2024இல் ஏறத்தாழ 6,300 ஆகக் குறைந்தது.